பழைய ஃபோர்வீல் வண்டியும் பதினான்கு குடும்பத்துப் பணமும்

(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் எழுந்த ஒரு விஷயத்தை இன்று விளக்கிப் பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நம் தோட்டத்துப் பதினான்கு குடும்பங்கள் மாதாமாதம் போட்டுச் சேர்த்த பணத்தில் பழைய ஃபோர்வீல் பிக்கப் ஒன்றை வாங்கி இருக்கின்றன. வண்டி வந்துவிட்டது; லயத்துக்குப் பக்கத்தில் கூரையடியில் நிற்கின்றது. விலை கொடுத்தது போகக் கையில் மிஞ்சியிருப்பது சொற்பம். அந்தச் சொற்பப் பணத்தை எதில் முதலில் போடுவது என்பதுதான் கேள்வி.

தம்பிமார்கள் சிலர் பெரிய டயரும் கூரைமேல் வரிசை விளக்கும் வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் சிலர், இந்தப் பழைய இரும்பை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்கிறார்கள். இரு தரப்பாரும் நம்மவர்களே. ஆனால் அந்த வண்டியை நாம் எதற்காக வாங்கினோம் என்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் தோட்டத்து மருந்தகம் மூடப்பட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஏழு கிலோமீட்டர் செம்மண் பாதை. அடைமழை பெய்தால் சாதாரணக் கார் பாதி வழியில் புதைந்துவிடும். நடுநிசியில் ஒருவருக்கு நெஞ்சு வலி கண்டாலும், ஒரு தாய்க்கு வலி எடுத்தாலும், அந்த ஏழு கிலோமீட்டரைக் கடக்க நமக்கு ஒரு வண்டி வேண்டும். அதற்காகத்தான் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துப் போட்டோம். ஆகவே இந்த வண்டியிடம் நாம் கேட்பது மூன்றே மூன்று: கூப்பிட்ட நேரத்தில் கிளம்ப வேண்டும், சேற்றைக் கடக்க வேண்டும், நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும். இந்த மூன்றுக்கும் உதவாத செலவு எதுவானாலும் அது பின்னால் வரட்டும்.

முன்பு இப்படிப்பட்ட வண்டிகள் துரைமார் ஏறும் வண்டிகள். லேண்ட்ரோவர் 1948-இல் வெளிவந்தது. யுத்தம் முடிந்த சமயம் இங்கிலாந்தில் எஃகுத் தகடு கட்டுப்பாட்டில் இருந்ததால், அலுமினியக் கலவைத் தகட்டில் அதன் உடலைச் செய்தார்கள். அவசரகாலத்திலும் அதற்குப் பின்னும் மலாயாத் தோட்டப் பாதைகளில் அது ஓடியது. டொயோட்டா ஹைலக்ஸ் 1968-இல் பிறந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஹைலக்ஸ் 1979-இல்தான் விற்பனைக்கு வந்தது. நாம் வாங்கியிருப்பது 1988-இல் அறிமுகமான வகையைச் சேர்ந்த எல்.என்.106, 2.8 லிட்டர் டீசல் எஞ்சின், இரண்டு வரிசை இருக்கை. கம்ப்யூட்டர் கிடையாது; டீசல் பம்பு முழுக்க முழுக்க இயந்திர வேலை. முன்னும் பின்னும் கட்டை அச்சும் பட்டை வில்லும் உள்ள வண்டி. சுத்தியலும் ஸ்பேனரும் தெரிந்த ஒரு நல்ல மெக்கானிக் இதைச் சரிசெய்ய முடியும். தள்ளிவிடலாம் என்ற பெரியவர்களுக்கு என் பதில் இதுதான்: வண்டி பழையது, ஆனால் திருத்தத் தகாதது அல்ல.

எனினும் ஒன்றைச் சோதித்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். அதுதான் சட்டம். அரசாங்கச் சட்டமல்ல, வண்டியின் அடிச்சட்டம். சட்டம் உளுத்துப் போயிருந்தால் மற்ற எதைத் திருத்தினாலும் பணம் விரயம். ஒரு சிறு சுத்தியலால் சட்டம் முழுவதையும் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும்; துரு தின்ற இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். முக்கியமாகப் பின் அச்சுக்கு மேலே உள்ள வளைவையும், பட்டை வில்லைத் தாங்கும் கொக்கிகளையும், ஸ்டியரிங் பெட்டி மாட்டியிருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். புதுத் தாரைக் கண்டு ஏமாறாதீர்கள். துருவை மறைக்கவும் தார் பூசுவார்கள்.

ரப்பர்த் தோட்டத்து வண்டிக்குத் துரு எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியாதா? பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுகிறோம். அந்தக் கட்டிப்பாலைத் தட்டில் ஏற்றினால் வழியெல்லாம் தண்ணீர் சொட்டும். அந்தத் தண்ணீரில் ஆசிட் இருக்கின்றது. அது தட்டின் ஓட்டை வழியாக இறங்கிச் சட்டத்தைத் தின்னும். பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்க்கிறோம். அமோனியா செம்பையும் பித்தளையையும் கெடுக்கும். பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் கொண்டு செய்தது. எனவே தட்டுக்குக் கனமான ரப்பர் விரிப்புப் போடுங்கள். பால் ஏற்றிய அன்றே தட்டையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். இதற்குக் காசு செலவில்லை. வாளியும் கையும் போதும்.

சட்டம் நன்றாக இருந்தால் அடுத்த பேச்சுப் பணத்தைப் பற்றியது. நான் கணக்கு எழுதுகிறவன். கையில் நூறு வெள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டு பங்கு போட்டுக் காட்டுகின்றேன். ஆயிரம் இருந்தாலும் ஐயாயிரம் இருந்தாலும் இதே விகிதந்தான்.

முதல் 15 வெள்ளியைத் தொடாமல் எடுத்து வையுங்கள். பழைய வண்டியைப் பிரித்தால் எதிர்பாராத ஒன்று கட்டாயம் வெளிப்படும். அதற்கு ஒதுக்காதவன் பாதி வேலையில் கடன் வாங்குவான்.

30 வெள்ளி பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் சக்கர பேரிங்குக்கும்.

20 வெள்ளி டயருக்கு.

15 வெள்ளி ரேடியேட்டர், குழாய்கள், வார்கள் ஆகியவற்றுக்கு.

10 வெள்ளி எண்ணெய்க்கும் ஃபில்டருக்கும்.

மீதி 10 வெள்ளி துரு நீக்கவும் விளக்கு, வயர், பேட்டரி பார்க்கவும்.

கூட்டிப் பாருங்கள், சரியாக நூறு. இதில் வரிசை விளக்குக்கு இடமில்லை என்று தம்பிமார்கள் முகம் வாடுவது தெரிகின்றது. பொறுங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லுகின்றேன்.

பிரேக்கை ஏன் முதலில் வைத்தேன்? ஓடாத வண்டி யாரையும் கொல்லாது. நிற்காத வண்டி கொல்லும். எஞ்சினை அணைத்தபடி பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். கடைசியில் மிதித்த காலை எடுக்காமல் எஞ்சினைக் கிளப்புங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காமல் கல்லைப் போல் இருந்தால் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் வரவில்லை என்று பொருள். இந்த எஞ்சினில் வேக்குவம் பம்பு, கரண்டு உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே ஒட்டியிருக்கின்றது. எஞ்சின் ஓடினால்தான் அது ஓடும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டுகிற பழக்கம் சில டிரைவர்களிடம் உண்டு. இரண்டு மூன்று மிதிக்கு மேல் பிரேக்கு கல்லாகிவிடும். அந்தப் பழக்கத்தை நம் வண்டியில் யாரும் செய்யக் கூடாது.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதை மாற்றிவிடுங்கள். அதே சமயம் எஞ்சின் எண்ணெயை ஒரு சொட்டுக்கூட அந்தக் கிண்ணத்தில் ஊற்றாதீர்கள். உள்ளேயிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

ரப்பரைப் பற்றி மற்றவர்களுக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியவர்கள். ஆனால் நம்மவர்களே வண்டியின் அடிப்பாகத்தை டீசல் அடித்துக் கழுவுகிறார்கள். பளபளப்பாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். நாம் விடியற்காலையில் எழுந்து வெட்டிய பாலில் செய்த ரப்பர், டீசலையும் எண்ணெயையும் குடித்து உப்பும், இளகும், பின் கிழியும். வில்லின் புஷ்களும் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களும் இப்படித்தான் அகால மரணம் அடைகின்றன. சவர்க்காரத் தண்ணீர் போதும்.

அடுத்தது டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பழைய டயர்க் கடையில் பூ ஆழமாக இருப்பதைப் பார்த்து மயங்காமல் அந்த இலக்கத்தைப் படியுங்கள்; பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அளவு மாறினால் ஃபோர்வீல் போடும்போது முன்னச்சும் பின்னச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

பெரிய டயர் கேட்ட தம்பிமார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. டயர் பெரிதானால் வண்டியின் இழுவை குறையும், பிரேக்குக்குப் பாரம் கூடும், வண்டி உயர்ந்து கவிழும் ஆபத்தும் கூடும். அனுமதி இல்லாமல் வண்டியை உயர்த்தினால் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். கம்பெனி குறித்த அளவில் மண் பாதைக்குரிய பூ உள்ள டயரைப் போட்டாலே நம் சேற்றுக்குப் போதும்.

அடுத்தது ரேடியேட்டரும் வார்களும். இந்த டீசல் எஞ்சினுக்குப் பெரும் பகை சூடு. ஒரு முறை தண்ணீர் வற்றி அதிகச் சூடேறினால் சிலிண்டர் தலை கோணிவிடும், விரிசலும் விடலாம். அந்த ஒரு பில் நம் பணத்தையெல்லாம் விழுங்கிவிடும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். குழாய்களும் மூடியும் புதிதாக இருக்கட்டும். எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் வார் எப்போது மாற்றப்பட்டது என்று எழுத்தில் ஆதாரம் இல்லாவிட்டால், மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சின் பாழாகும்.

டீசல் விஷயத்திலும் கவனம் வேண்டும். 2019 முதல் நம் நாட்டில் வண்டிகளுக்கு விற்கும் டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைச் சேர்த்தார்கள். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். அந்தச் செம்பனை இப்போது நம் டாங்கிக்குள்ளும் வந்துவிட்டது! இந்த எரிபொருள் டாங்கியில் பல வருஷமாகப் படிந்த அழுக்கைக் கரைத்துக் கிளப்பும். அந்த அழுக்கு ஃபில்டரை அடைக்கும். பழைய டீசல் குழாய்களின் ரப்பரையும் இளக்கும். ஆகவே டாங்கியைக் கழுவி, குழாய்களை மாற்றி, முதல் சில மாதங்களுக்கு ஒரு ஃபில்டரைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரேயடியாக 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது நினைவிருக்கும். விலை பிறகு ஏறினாலும் இறங்கினாலும், ஒழுகும் குழாயும் அடைத்த காற்று ஃபில்டரும் நம் சட்டைப் பையிலிருந்து திருடுகின்றன என்பதில் மாற்றமில்லை.

ஃபோர்வீல் பாகத்துக்கு வருவோம். முன் சக்கரங்களின் நடுவில் கையால் திருப்பும் பூட்டு இருக்கின்றது. இரண்டு பக்கத்தையும் பூட்டினால்தான் முன் சக்கரம் இழுக்கும். பல பழைய வண்டிகளில் இது வருஷக்கணக்காகத் திருப்பப்படாமல் இறுகிக் கிடக்கும். சேற்றில் புதைந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட இப்போதே கழற்றி, கழுவி, கிரீஸ் வையுங்கள். முன் சக்கரம் திரும்புகிற உருண்டையான மூட்டுக்குள்ளே கிரீஸ் இருக்கும். அங்கிருந்து கஞ்சி போல் எண்ணெய் வழிந்தால் உள் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சீல் விலை குறைவு. அதைப் பாராமல் விட்டுக் கெடும் மூட்டின் விலை அதிகம். இன்னொன்று: காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்வீல் போட்டு ஓட்டாதீர்கள். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடும். அந்த வித்தியாசம் வழுக்க இடமில்லாமல் கியரையும் அச்சையும் முறுக்கும்.

அடுத்து, சாமான் வாங்கும் முறை. வெளிநாட்டுப் பழைய வண்டிகளைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்து விற்கும் 'ஹாஃப்கட்' கடைகள் நம் பட்டணங்களில் உண்டு. அங்கே கதவு, கண்ணாடி, விளக்கு, இருக்கை, ஸ்டார்ட்டர், கியர் பெட்டி ஆகியவற்றைப் பேரம் பேசி வாங்கலாம். ஆனால் பிரேக் குழாய், பிரேக் கட்டை, சீல்கள், டைமிங் வார், ஸ்டியரிங் மூட்டுகள் ஆகியவற்றைப் பழசாக ஒருபோதும் வாங்காதீர்கள். உயிரைத் தாங்கும் சாமான் புதுசு. உடலை மறைக்கும் சாமான் பழசு. இந்தச் சூத்திரத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எஞ்சினையே மாற்ற நேர்ந்தால், புது எஞ்சின் நம்பரை இலாகாவில் பதிவு செய்யாமல் ரோட்டில் ஏற்றாதீர்கள்.

கூலியையும் மிச்சப்படுத்தலாம். கழுவுதல், துரு சுரண்டுதல், வர்ணம் அடித்தல், கிரீஸ் வைத்தல், எண்ணெய் மாற்றுதல் ஆகியவற்றை ஓய்வு நாளில் நாமே செய்யலாம். பிரேக்கு வேலையும், சட்டத்தில் வெல்டிங்கும், டீசல் பம்பும் தேர்ந்தவர் கைக்கே போகட்டும். மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டக் கை பழக எத்தனை நாள் ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மெக்கானிக்கின் தொழிலும் அப்படித்தான். அவருக்குரிய கூலியைக் குறைத்துக் கேட்பது தொழிலாளிக்கு அழகல்ல.

நாமே செய்யும்போது உயிர் முக்கியம். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது. ஸ்டாண்டு வையுங்கள், சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். செங்கல் நொறுங்கிவிடும்; அதை அடுக்கி வண்டியைத் தாங்க வைக்காதீர்கள். பழைய பிரேக் கட்டையின் தூசியில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை ஊதாமல், காற்றடிக்காமல், தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். கழித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். அதே தண்ணீர்தான் கீழே இருப்பவன் வீட்டுக்குப் போகின்றது.

இன்னும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பின் தட்டு சரக்குக்கு உரியது. ஆளை, முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளை, அதில் ஏற்றக் கூடாது. நம் பாட்டன்மார் லாரித் தட்டில் மூட்டையோடு மூட்டையாக ஏற்றப்பட்டுப் போனார்கள். அந்த நிலை வேண்டாமென்று போராடிய கூட்டம் நம் கூட்டம். துரை ஏற்றினால் குற்றம், நாமே ஏற்றினால் வசதி என்று பேசலாமா? நோயாளிக்குப் பின் இருக்கை இருக்கின்றது. அங்கே படுக்க வையுங்கள், இருப்பவர்கள் பெல்ட் போடட்டும். வில்லில் கூடுதல் பட்டை போட்டுப் பாரம் ஏற்றலாம் என்று சொல்லுகிறவர்களையும் நம்பாதீர்கள். வில் தாங்கலாம், அச்சும் பிரேக்கும் பழைய அளவிலேயே இருக்கின்றன.

கடைசியாகக் கணக்கு. பொது வண்டி கெடுவதற்கு முன் பொது நம்பிக்கை கெடும். வண்டி ஒருவர் பெயரில்தான் பதிவாகியிருக்கின்றது. அது பதினான்கு குடும்பத்துக்கும் சொந்தம் என்று எழுதி, எல்லாரும் கையெழுத்திட வேண்டும். இரண்டு புத்தகம் போடுங்கள். ஒன்றில் பணக் கணக்கு. ஒவ்வொரு பில்லும் ஒட்டப்பட வேண்டும், இருவர் கையெழுத்து வேண்டும். மற்றொன்று வண்டியின் புத்தகம்: எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எதை மாற்றினோம் என்று எழுதுங்கள். ரோட் டாக்ஸும் இன்சூரன்சும் முடியும் தேதியை முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். கூலி வாங்கி ஆள் ஏற்ற வேறு உரிமம் வேண்டும். அது நம்மிடம் இல்லை. ஆகவே யாரும் வாடகை வசூலிக்கக் கூடாது. டீசல் செலவு பொதுப் பணத்திலிருந்தே போகட்டும். படிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளை வந்து கேட்டாலும் இரண்டு புத்தகத்தையும் திறந்து காட்டுங்கள்.

இரவு வேளைக்கு ஒரு முறைப் பட்டியல் போட வேண்டும். லைசென்ஸ் உள்ள நான்கு பேர் வாரம் ஒருவராகச் சாவியை வைத்துக்கொள்ளட்டும். முறையில் இருப்பவர் அந்த வாரம் மதுவைத் தொடக்கூடாது. சனிக்கிழமைதோறும் தண்ணீர், எண்ணெய், டயர்க் காற்று, பேட்டரி நான்கையும் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். டாங்கியில் பாதிக்குக் கீழே டீசல் இறங்கக் கூடாது. முதலுதவிப் பெட்டி, டார்ச்சு, இழுக்கும் கயிறு, மண்வெட்டி ஆகியவை வண்டியிலேயே இருக்கட்டும்.

வரிசை விளக்கு கேட்ட தம்பிமார்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கின்றேன். இருக்கிற இரண்டு முன்விளக்குகளையும் கழற்றிக் கண்ணாடியைச் சுத்தம் செய்து, எர்த் வயரின் துருவைச் சுரண்டி இறுக்குங்கள். மங்கலான விளக்குக்குப் பல சமயம் அதுதான் காரணம். அதற்கு ஆகும் செலவு உப்புத்தாள் ஒன்று. செய்து பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் வந்து பாதை தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

தோழர்களே! அடுத்த ஞாயிறு காலை வண்டியைத் தூக்கி நிறுத்திச் சட்டத்தைத் தட்டிப் பார்க்கப் போகின்றோம். சட்டம் கணீர் என்றால் வேலை தொடங்கும். மந்தமாக ஒலித்தால், கையிலுள்ள பணத்தைச் செலவிடாமல் மீண்டும் கூடிப் பேசுவோம். பதினான்கு குடும்பத்திலிருந்தும் ஆளுக்கு ஒருவர் தவறாமல் வாருங்கள். பெண்களும் வாருங்கள், பணம் போட்டவர்களில் உங்கள் கையே அதிகம்.